பெற்றோல் வந்த பிறகும் பாதையில்தான் போகிறேன்

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் இயந்திரப் பாதைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம். உணவகத்துக்கும் கைபேசிக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நாள்தோறும் நம்மை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒன்றைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. வேலை நாட்களில் காலையும் மாலையும் இதில் போய்வருகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். பாதை புறப்படும் துறை எது என்று சொல்லப்போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது; அதனால் பாதையை ஓட்டுகிற இருவருக்கும் வேலையிடத்தில் ஒரு சங்கடமும் வரக்கூடாது.

வெளியூர் வாசகர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. பெருந்தெருவும் பெரிய பாடசாலைகளும் வங்கிகளும் சந்தைகளும் இந்தப் பக்கம். மேற்கே படுவான்கரை; வயலும் மேய்ச்சல் நிலமும் குளங்களும் அந்தப் பக்கம். இரண்டையும் இணைக்க வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலங்கள் இருக்கின்றன. மண்முனையில்கூட 2014 இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கும்வரை பாதைதான் ஓடியது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையிலும் பாதையேறிப் பழகிய தலைமுறைகள் உண்டு. பாலத்துக்கு எட்டத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பாதைதான் தெரு.

பாதை என்பது இரும்புத் தகட்டாலான ஒரு மேடை. அடியில் மிதவைகள், பக்கத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரம். முன்னும் பின்னும் இறக்கி ஏற்றும் பலகை. கரையில் அதை இறக்கியதும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, ஆட்டுக்குட்டி, ஆள் எல்லாம் ஏறும். முச்சக்கர வண்டி ஒன்று நடுவில் வந்து நின்றால் மற்றவர்கள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருக்கை கிடையாது. கூரை பாதி மேடைக்குத்தான். கரைக்குக் கரை கால் மணி நேரம். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும் மாதங்களில் இன்னும் சற்றுக் கூடும். கட்டணம், கடையில் குடிக்கும் ஒரு பிளேன்ரீயின் விலைக்கு வராது.

நான் படுவான்கரையில் ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இடமாற்றம் கிடைத்து வந்த காலத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலத்தைச் சுற்றியே போய்வந்தேன். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை இலங்கையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று கியூஆர் குறியீட்டைப் பார்த்து அளந்து கொடுத்த நாட்களில் ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டு, மகனுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான். பிறகு பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் ஸ்கூட்டர் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது, வேலைக்குப் பாதைதான்.

நேரம் மிச்சமாகிறதா என்று கேட்கிறார்கள். மிச்சமில்லை. துறையில் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றுதான். சில நாட்களில் பாதைதான் பிந்தும். காசு மிச்சம் உண்டு, அதற்காகவும் போகவில்லை. என் மனம் தேறியது இந்த மேடையில் நின்றுதான். அதைச் சொல்வதற்கே இவ்வளவும் எழுதுகிறேன்.

பெரிய துன்பம் என்று எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கணவர் கட்டாரில் வேலை. மகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். என்னுடன் இருந்த அம்மா அதற்கு முந்தைய ஆண்டு போய்ச் சேர்ந்தார். அம்மாவின் சாவுக்கு வந்த சனம், எட்டுச் செலவு, முப்பத்தொன்று எல்லாம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது, அதுதானே முறை. பிறகு காலையில் தலைக்கவசத்தை மாட்டினால் வைத்தியசாலையில்தான் கழற்றுவேன். இடையில் ஒரு முகம் பார்த்துப் பேச்சில்லை. வழி முழுவதும் மனம் பழைய கணக்குகளைத்தான் கிண்டிக்கொண்டிருக்கும்: அம்மாவை அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகக் கொண்டுபோயிருந்தால், மைத்துனி அப்படிக் கேட்டபோது இப்படிச் சொல்லியிருந்தால். இரவில் பார்ப்பதற்கில்லாமல், வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று தொலைக்காட்சியைப் போட்டு வைத்திருப்பேன். பசி இருந்தது, தூக்கம் இருந்தது, வேலையும் பிழையில்லாமல் நடந்தது. எதிலும் ருசி மட்டும் இல்லை.

வேலைக்குப் போகும் பயணத்தைப் பற்றி ஆய்வாளர்கள் சொல்லியிருப்பதைப் பிறகுதான் வாசித்தேன். பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2004 இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைத் துண்டு துண்டாக நினைவுபடுத்தி, ஒவ்வொரு துண்டிலும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். சமையல், சாப்பாடு, பிள்ளை பராமரிப்பு, வேலை, வீட்டுவேலை என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியபோது, மகிழ்ச்சியில் அடிமட்டத்தில் கிடந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். டெக்சாஸ் எங்கே, எங்கள் வாவிக்கரை எங்கே. ஆனாலும் தலைக்கவசத்துக்குள் இருந்த என் காலைகளை நினைத்தபோது அந்தப் பெண்கள் எழுதியது எனக்கு விளங்கியது. நாளின் மிக மோசமான பகுதி என்று அவர்கள் அடையாளம் காட்டிய அதே பகுதிதான் எனக்கு இப்போது மிக நல்ல பகுதியாகியிருக்கிறது.

அது எப்படி என்பதற்கு, பாதையில் ஆட்களை ஏற்றும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மேடையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கோட்டுக்கு உட்பட்டுத்தான் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை; மேடையின் விளிம்பு தண்ணீருக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதில்தான் அவருடைய கண் இருக்கும். ஒரு பக்கம் ஒரு விரல் தாழ்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். “ஐயா, நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள். தங்கச்சி, நீங்கள் அசைய வேண்டாம்.” பருத்த வியாபாரி ஒருவர் இந்தப் பக்கம் வர, ஒல்லியான மூன்று மாணவர்கள் அந்தப் பக்கம் போவார்கள். யாருக்கும் இதில் வெட்கமில்லை, கோபமில்லை. என் சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்வார். அவருடைய சாக்கு மூட்டையை என் காலால் சரியாமல் முட்டுக்கொடுத்து நிற்பேன். கைக்குழந்தையுடன் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வரும் ஓர் இளம் தாய், பலகையில் கால் வைக்குமுன் குழந்தையை நீட்டுவார். யாருக்கு என்று பார்த்து நீட்டுவதில்லை. கை வெறுமையாக இருக்கிறவர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதல்முறை அந்தக் குழந்தை என் கைக்கு வந்தபோது அது என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டது. அம்மா போன பிறகு வேறோர் உயிரின் பாரம் என் கையில் வந்தது அன்றுதான். குழந்தையின் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. இப்போது அது நடக்கிறது. ஏறியதும் என் பையைத் திறந்து பார்க்க வரும்.

காலையில் என்னோடு கடப்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள். ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், மேசன் வேலைக்குப் போகிறவர்கள். ஐஸ் போட்ட பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, படுவான்கரை ஊர்களுக்குள் மீன் விற்கப் போகும் ஒரு தம்பி. துணி மூட்டையுடன் காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் நானா. களுதாவளை வெற்றிலையை வாங்கிக் கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடிக் கொண்டுபோகும் ஒரு பெத்தா, அதாவது பாட்டி. பெத்தா என்னை ‘மருந்துப் பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். தனக்கு முழங்கால் வலி என்று என்னிடம் மருந்து கேட்டதேயில்லை. அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதே அவருக்குப் போதும். நோன்பு மாதத்தில் நானா பக்கத்தில் நிற்கும் நேரம் பெத்தா வெற்றிலை போடமாட்டார். வாய்க்கு எடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, அக்கரையில் இறங்கி நாலடி நடந்த பிறகுதான் எடுப்பார். நானா அதைக் கவனித்தாரா என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. பெருநாள் முடிந்து வந்த காலையில் பெத்தாவுக்கென்று ஒரு வட்டிலப்பம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. பெத்தா கிண்ணத்தைக் கூடைக்குள் வைத்துச் சாக்கை மூடிவிட்டு, “மழை பிந்துகிறதே நானா” என்றார்.

இவர்கள் யாரும் என் உறவில்லை, நண்பர்களும் இல்லை. வீட்டுக்கு வந்ததில்லை, கைபேசி எண்ணும் கொடுத்ததில்லை. இவர்களிடம் என் துன்பம் எதையும் நான் சொல்லி அழவுமில்லை. பேச்செல்லாம் வயலில் தண்ணீர் நிற்கிறதா, இறால் என்ன விலை, பரீட்சைப் பெறுபேறு எப்போது, யார் வீட்டில் கல்யாணம் என்பதற்குள்தான். ஆனால் காய்ச்சலில் படுத்துவிட்டுத் திரும்பிய காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பலகையில் கால் வைத்ததும் மீன்காரத் தம்பி, “அக்கா, எங்கே போனீர்கள்? உங்கள் பெயர் தெரியாமல் நீலக் குடை அக்கா எங்கே என்று எல்லோரிடமும் கேட்டேன்” என்றான். அதற்குள் பெத்தா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டார். ஒரு நாள் நான் வராவிட்டால் ஒரு கூட்டத்துக்கு அது தெரிகிறது. அதற்கு முன்பு, என் மேலதிகாரி தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

2014 இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதைத்தான் பேசுகின்றன. ஒன்று சிக்காகோவில் நடந்தது. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவரும் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களைக் கொண்டு செய்தது. சிலரிடம் பக்கத்தில் இருக்கும் அறியாத ஆளோடு பேசிக்கொண்டு போகச் சொன்னார்கள். சிலரிடம் தனியாகப் பேசாமல் போகச் சொன்னார்கள். இன்னும் சிலரை வழக்கம்போல் போகச் சொன்னார்கள். பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. முக்கியமான செய்தி இனித்தான்: எது இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டியே கேட்கப்பட்டவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். தனியாகப் போவதுதான் நல்லது என்று நம்பினார்கள். மற்றது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் செய்தது. நெருங்கிய நட்பில்லாத, முகம் மட்டும் பழகிய வகுப்புத் தோழர்களோடு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசிய நாட்களில் மாணவர்களின் மகிழ்ச்சியும் கூடியிருந்தது.

நெருங்கிய உறவுதான் வாழ்க்கைக்குத் தூண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணவரோடு இரவில் பேசுவதை எதற்கும் ஈடாக வைக்கமாட்டேன். ஆனால் நெருங்கியவர்களிடம் பேசும்போது நாம் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டுதான் பேசுகிறோம். அவருடைய சம்பளப் பிரச்சினை, என் தனிமை, மகனின் பரீட்சை எல்லாம் அந்தப் பேச்சுக்குள் பாரமாக இருக்கிறது. பெத்தாவிடம் பேசும்போது எனக்கு ஒரு பாரமும் இல்லை. அவர் என்னைத் தேற்ற வேண்டியதில்லை, நானும் அவரைத் தேற்ற வேண்டியதில்லை. இறால் விலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு இறங்கும்போது, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கணக்குகள் எங்கே போயின என்று தெரிவதில்லை. அவற்றை மறக்க நான் முயன்றதுமில்லை.

இது வேலையிலும் தெரிகிறது. மருந்துக்கு வரும் வயதானவர்கள் பலர் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் ஒரே மருந்து வாங்குகிறவர்கள். பெயரைக் கூப்பிட்டு, அட்டையைப் பார்த்து, “காலையில் ஒன்று, இரவில் ஒன்று” என்று சொல்லிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது அவர்கள் எந்த ஊர் என்றால் அந்த ஊரில் நேற்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் பாதையில் கேட்ட செய்தி. “உங்கள் பக்கம் யானை வந்ததாமே ஐயா” என்று கேட்டால் போதும், ஐயா ஒரு நிமிடம் கூடுதலாக நின்று முழுக் கதையும் சொல்லிவிட்டுப் போவார். வரிசை அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. பின்னால் நிற்கிறவர்களும் யானைக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

மாலைப் பயணம் வேறு மாதிரி. களைத்தவர்கள், பேச்சுக் குறைவு. பெரும்போக அறுவடைக் காலமென்றால் வைக்கோல் தூசி தலையில் படிந்தவர்கள், வாழைநாரால் கட்டிய தயிர்ச் சட்டிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்று மேடை நிறைந்திருக்கும். மேற்கே இறங்கும் வெயில் முதுகில் அடிக்கும். கண்ணா மரங்களின் ஓரமாகச் சிறு தோணியில் வலை இழுத்துக்கொண்டிருப்பவரை ஓட்டுகிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “பட்டதா?” என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் பதிலுக்காகத் திரும்பிப் பார்ப்போம்.

இனிக் குறைகள். அவை சிறியவை இல்லை.

பாதுகாப்பு அங்கிகள் இருக்கின்றன, ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டியது, கொடுப்பதில்லை. மேடையின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு உண்டு. பலகைப் பக்கம் ஒரு சங்கிலி மட்டுந்தான். சின்னப் பிள்ளைகள் அந்தச் சங்கிலியைப் பிடித்து ஆடுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. ஆற்றுவாழை என்னும் நீர்ச்செடி பெருகும் காலத்தில் அது இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு நடு வாவியில் நிறுத்திவிடும். அப்படி ஒருமுறை நின்றபோது காற்றும் கூடிவிட்டது. மேடை மெல்லத் திரும்பித் தெற்கே இழுபட்டது. ஓட்டுகிறவரின் உதவியாள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கத்தியால் கொடியை அறுத்து எடுக்கும்வரை ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த மனிதரின் துணிவால் தப்பினோம். ஒரு சேவை அதன் ஊழியரின் துணிவை நம்பி ஓடக்கூடாது.

துறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நிழற்குடையின் தகரம் காற்றில் போய் நெடுநாளாகிறது. மார்கழி மழையில் நின்றுதான் காத்திருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காலத்தில் வாவி பெருகினால் சேவையே நின்றுவிடும். நிற்கப்போகிறது என்று முதல்நாள் சொல்லவும் ஓர் ஏற்பாடில்லை. துறைக்கு வந்துதான் தெரிந்துகொண்டு பாலத்துக்குத் திரும்ப வேண்டும். பொறுப்பானவர்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்போது அதையும் எழுதுகிறேன்.

மனிதர்கள் பக்கத்தில் நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. பாதையில் எதுவும் மறைவாக இருக்காது. ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று என்னிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயதிருக்கிறது, சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவேன். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி யாரோ சொன்ன சொல் அந்த மேடையிலிருந்து இரண்டு கரைக்கும் பரவியது. அவள் ஒரு மாதம் பாலத்தைச் சுற்றி பஸ்ஸில் போனாள். மறுபடி அவள் வந்த காலையில் பெத்தா கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பெத்தா இருந்தார். எல்லாப் பாதையிலும் ஒரு பெத்தா இருப்பார் என்று எண்ணிக்கொண்டு பெண்பிள்ளைகளை இந்தப் பேச்சுக்கு விட்டுவிட முடியாது.

இன்னொன்றையும் மருந்து கொடுக்கிறவளாகச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இருந்தது சோர்வு, பாதையில் தேறியது. தூக்கம் போய்விட்ட, சாப்பாடு இறங்காத, காலையில் எழுந்திருக்கவே முடியாத, வாழ்ந்து என்ன என்று நினைக்கிற நிலை வேறு. அது நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. ‘நாலு பேரோடு பேசினால் சரியாகிவிடும்’ என்று அப்படிப்பட்டவருக்குச் சொல்லாதீர்கள். பேசவே முடியாததுதான் அவருடைய நோய். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். யுத்தத்தையும் 2004 கடற்கோளையும் கண்ட சனம் நாங்கள். மருந்து வாங்க வரும்போது கதவோரம் நின்று மெல்லிய குரலில் இதைக் கேட்பவர்கள் உண்டு. உரத்த குரலிலேயே கேட்கலாம்.

யாருக்கு இந்தப் பாதை பொருந்தும்? அந்தரமில்லாதவர்களுக்கு. எட்டு மணிக்குக் கையெழுத்து வைத்தாக வேண்டியவர்கள் ஒரு பாதை முன்னதாகவே வந்துவிடுங்கள். சில்லறையாகக் காசு வைத்திருங்கள். பெரிய தாளை நீட்டினால் ஓட்டுகிறவர் கடனாக எழுதிக்கொள்வார், அது உங்களுக்குத்தான் நினைவிருக்க வேண்டும். குடை கட்டாயம். வெயிலுக்குப் பயந்து கூரைக்குள் ஒதுங்குவதைவிட, காற்றடிக்கும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது; அங்கேதான் பேச்சு நடக்கும். கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், நடு வாவியில் சமிக்ஞையும் சரியாக இராது. நகரத்திலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டாம், மேடை பாதி வெறுமையாக ஓடும். பாடசாலை நாள் ஒன்றில், காலை ஏழு மணிக்கு முன்னதாக வாருங்கள்.

புள்ளி போடச் சொன்னால் மனத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பாதுகாப்புக்கு ஐந்துக்கு இரண்டு, வசதிக்கு ஒன்று. சராசரி எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஓட்டுகிற இருவருக்கும் தனியாக ஐந்து.

பாலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. படுவான்கரைச் சனம் பாலம் கேட்டு எத்தனையோ காலமாகிறது. இரவில் பிரசவ வலி வந்த பெண்ணை வைத்துக்கொண்டு, பாதை ஓடாத நேரத்தில் அந்தக் கரையில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். பாம்பு கடித்து வந்தவரைச் சுற்றுவழியில் அனுப்பிவிட்டு வாசலில் நின்றிருக்கிறேன். நெல்லை ஏற்றிய லொறி சுற்றிப் போகும் செலவு விவசாயியின் கணக்கில்தான் விழுகிறது. என் காலைகள் இனிமையாக இருப்பதற்காக அவர்கள் காத்திருக்க வேண்டும் என்று எந்த நாக்கால் சொல்வேன்? எங்கள் கையெழுத்து வேட்டையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனால் பாலத்தை எப்படிக் கட்டுவது என்பதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கல்லடியில் 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் திறந்தார்கள். பழையதை உடைத்துப் போடவில்லை. மாலையானால் சனம் அந்தப் பழைய பாலத்தில்தான் நிற்கிறது: காற்று வாங்குகிறவர்கள், பிள்ளைகளுக்கு வாவியைக் காட்டுகிறவர்கள், சும்மா கம்பியில் சாய்ந்துகொண்டு கதைக்கிறவர்கள். புதிய பாலத்தில் வாகனங்கள் பறக்கின்றன. எங்கள் துறையில் பழைய பாலம் என்று எதுவுமில்லை. வரப்போவது ஒன்றே ஒன்று. அதில் வாகனத்துக்கு மட்டும் அளவெடுத்துவிட்டால் நானும் நாளைக்குத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அதன்மேல் பறப்பேன்; பெத்தாவின் வெற்றிலைக் கூடை யாராவது ஒருவருடைய முச்சக்கர வண்டியின் பின்னால் போகும்.

ஆகவே திட்டம் போடுகிறவர்களிடம் எங்கள் கோரிக்கையில் இதையும் சேர்த்திருக்கிறோம்: இரண்டு பக்கமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவர் அருகருகே நடக்கக்கூடிய அகலத்தில் நடைபாதை, நடுப்பகுதியில், வாகனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க, கூரையும் உட்கார வாங்குப் பலகையும் வைத்த ஓர் இடம், இரண்டு முனையிலும் பஸ் தரிப்பிடமும் பெண்களுக்குக் கழிப்பறையும், பாதையில் வேலை செய்யும் இருவருக்கும் பாலத்தில் காவல் வேலை. கடைசிக் கோரிக்கையை எழுதச் சொன்னது மீன்காரத் தம்பி. பெத்தா அதில் கைநாட்டு வைத்தார்.